வெளிச்சம் குடித்த ரோல்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கு விஸ்காம் படிக்கிற பெண் ஒருத்தி தலைவலி என்று வந்தாள். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. கல்யாண வீடுகளில் தோளை இறக்கிவிடுமே, அந்த மாதிரிப் பெரிய கேமரா இல்லை. கருநீலப் பிளாஸ்டிக்கில், சோப்பு டப்பாவுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்க்க எனக்கு விரல் துடித்தது. ஆனால் நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். கோட்டு போட்டவர்கள் அடுத்தவர் கழுத்தில் தொங்குவதைப் பிடித்து இழுக்கக் கூடாது.

எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தேன். லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டேன். அவளுக்குப் பார்வையில் குறையே இல்லை, தூக்கத்தில்தான் குறை. சீட்டு எழுதிக் கொடுத்ததும் எழுந்து போனவள், கதவருகே தயங்கி நின்றாள்.

“அக்கா, இந்த ரூம்ல லைட்ட அணைச்சா நல்ல இருட்டுதானே? ரோல் மாட்டிக்கிச்சு. இருட்டுல தொறந்து சரி பண்ணிக்கறேன், ரெண்டு நிமிஷம்.”

ஏறக்குறைய இதே வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என் அப்பா. அவர் மறுப்பே சொல்லாமல் இருட்டைக் கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கதவருகே நிற்கட்டும். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் குடும்பத் தொழிலே வெளிச்சம் அடிப்பதுதான். நான் கண்ணுக்குள் அடிக்கிறேன். அப்பா காலுக்கு முன்னால் அடித்தார். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு தியேட்டரில் பதினெட்டு வருஷம் அவர் டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து, ஆட்களைச் சீட்டில் உட்கார வைத்தவர். தியேட்டரின் பெயர் வேண்டாம். திருச்சியில் மூடிப்போன தியேட்டர்களுக்குப் பஞ்சமில்லை. உங்களுக்குப் பிடித்த ஒன்றின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும்போது அவருடைய காக்கிச் சட்டையில் பினாயிலும் முறுக்கு எண்ணெயும் பழைய சீட்டுப் பஞ்சும் கலந்த ஒரு வாசம் இருக்கும். எல்லா அப்பாக்களுக்கும் அதே வாசம்தான் என்று பள்ளிக்கூடம் போகும்வரை நம்பியிருந்தேன்.

அவருடைய டார்ச் மூன்று பேட்டரிக் கட்டை போடுவது. உள்ளே வருகிறவர்களின் முகத்தில் வெளிச்சம் படவே கூடாது என்பது அவர் கொள்கை. கண்ணாடியை விரல்களால் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் கசிகிற கொஞ்சத்தை மட்டும் தரையில் விடுவார். “வெளிய அவங்க யாரா வேணா இருக்கட்டும். உள்ள வந்தா எனக்குக் காலு மட்டும்தான்” என்பார். யார் யாரோடு படம் பார்க்க வந்தார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இருட்டில் யாராவது ‘ஒண்ணும் தெரியலையே’ என்று முனகினால் போதும், அவர் எங்கே நின்றாலும் கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்திவிடும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஏ முதல் ஆர் வரை கச்சிதமாகத் தெரியும். ஆருக்கு மேல் அந்தத் தியேட்டரில் வரிசை கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கண்ணை நானே சோதித்தேன். கீழ் வரிசைவரை கடகடவென்று படித்துக்கொண்டு போனவர், இசட் வந்ததும் நிறுத்திவிட்டார். மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்டேன். “நல்லாத் தெரியுது. ஆனா இது நம்ம தியேட்டர்ல இல்ல” என்றார். அவர் முன்னால் மட்டும் நான் பட்டதாரி என்பதை மறந்து சிரிப்பேன்.

அம்மாவை அவர் சந்தித்ததும் அங்கேதான். அம்மா அப்போது செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கையளவு வெளிச்சத்தில் மிளகு அளவு கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தால், சுவர் அகலத்துக்கு முகம் தெரிகிற இடத்துக்கு ஓடுவாள். ஒருநாள் இரண்டு தோழிகளோடு போய் கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சீட்டின் மேல் மடக்கிக்கொள்வது அவள் வழக்கம். அந்தத் தியேட்டரின் தரை, எல்லாத் தியேட்டரையும் போலத் திரையைப் பார்த்துச் சரிந்திருக்கும். இடைவேளை முடிந்து விளக்கணைந்த நேரத்தில் யாருடைய காலோ இடித்து, ஒற்றைச் செருப்பு வரிசை வரிசையாகக் கீழே இறங்கிவிட்டது. அது அம்மாவின் செருப்பும் இல்லை. அவளுடைய அக்காவின் புதுச் செருப்பு. கேட்காமல் போட்டுக்கொண்டு வந்தது.

அம்மா தேம்பத் தொடங்கிவிட்டாள். டார்ச்சோடு வந்த அப்பா, அழுகிற முகத்தில் வெளிச்சம் அடிக்காமல், எந்தக் கால், இடதா வலதா என்று மட்டும் கேட்டாராம். பிறகு ஜே வரிசையில் குனிந்தவர், இரண்டாம் பாதி முழுக்கச் சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார். படம் முடிந்து ஆட்கள் எழுந்தபோது பி வரிசையிலிருந்து செருப்போடு எழுந்தார். அம்மா இதைச் சொல்லும்போது எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள். “மேல படம் ஓடுது. கீழ ஒரு வெளிச்சம் ஓடுது. நான் கீழதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

படத்தின் முடிவு போய்விட்டதே என்று அவள் குறைப்பட, அப்பா வெளி வராந்தாவில் நின்று முடிவைச் சொல்லியிருக்கிறார். கதாநாயகியைக் கதாநாயகன் கண்டுபிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறான், சுபம். அம்மா அடுத்த வாரமும் போய், சரியாகப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டாளாம். அதற்கடுத்த வாரமும் புரியவில்லையாம். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் புரிந்துகொள்ளும் சக்தி குறைந்தவர் யாரும் இல்லை.

நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கடைசிக் காட்சியைப் பார்த்தாள். கதாநாயகி அந்த ரயில் வருவதற்கு முன்னாலேயே செத்துப்போகிறாள். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “செருப்புக்கே அந்த அழுவ அழுத. அவ செத்துட்டான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

இப்படிச் சினிமாவில் தொடங்கிய இரண்டு பேருக்கும், ஒன்றாக நிற்கிற ஒரே ஒரு படம்கூடக் கிடையாது. கல்யாணம் வீட்டுக்குத் தெரியாமல் நடந்தது. போட்டோ எடுத்தால் சாட்சியாகிவிடும் என்று பயம். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றால், ஊரில் குடும்பங்கள் புதுத்துணி உடுத்திப் போட்டோ எடுக்கிற நாளெல்லாம் தியேட்டரில் கூடுதல் காட்சி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் அப்பா இருந்ததே இல்லை. என் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படத்தில்கூட அம்மாவும் நானும் ஒரு பிளாஸ்டிக் மயிலும்தான் இருக்கிறோம். அப்பா அன்று மேட்னிக் காட்சியில் யார் காலுக்கோ வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். தலைப்பு ‘அறிவியலின் அற்புதங்கள்’. பரிசுப் பெட்டியை ஹெச்.எம். சிஸ்டர் என் கையில் கொடுத்ததும், ஸ்கூலிலிருந்து ஸ்ரீரங்கம் வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது என்ன என்று கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நானே பக்கத்து சீட்டு அம்மாவிடம், “கேமராங்க, பரிசு வாங்கினேன்” என்றேன்.

அப்போதே டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. விற்காமல் நின்ற பழசைப் பரிசுக்குத் தள்ளியிருப்பார்கள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அதில் திருகுவதற்கோ சரிபார்ப்பதற்கோ ஒன்றும் கிடையாது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அப்புறம் கட்டைவிரலால் பின்னாலிருக்கிற பல்சக்கரத்தை கிர்ர் கிர்ர் என்று தள்ள வேண்டும். அவ்வளவுதான். போட்டோ எடுப்பது பணக்கார மாமாக்களின் வித்தை என்று நினைத்திருந்த எனக்கு, அது பொட்டலம் மடிக்கிற வேலையைவிடச் சுலபம் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெட்டியிலேயே ஒரு ரோலும் இலவசமாக இருந்தது. பின்மூடியைத் திறந்ததும் புது ரப்பரும் வினிகரும் கலந்த மாதிரி ஒரு வாசம் வந்தது. சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் அந்தக் கருநீலக் கேமராவைப் பார்த்ததும் இந்த வாசம்தான் முதலில் எனக்கு மூக்கில் ஏறியது.

கூடவே ஒரு காகிதம், முழுக்க ஆங்கிலம், எறும்பு அளவு எழுத்து. அம்மாவும் அப்பாவும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் ஒன்பதாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் நான். புரியவில்லை என்று சொல்வது என் அகராதியில் இல்லை.

“என்னம்மா போட்டிருக்கு?” என்றாள் அம்மா.

“வெயில்ல வைக்கக் கூடாதாம்” என்றேன். எந்தப் பொருளுக்கும் பொருந்துமே என்று சொன்னது.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி, தனக்குத் தெரிந்த ஏ முதல் ஆர் வரை ஏதாவது அகப்படுகிறதா என்று தேடினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அம்மாவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அதில் அச்சிட்டிருந்த கேமராப் படம் தலைகீழாக இருப்பது தெரிந்தது. சிரித்துவிட்டாள். நான் ரோலை மாட்டி மூடி, சத்தம் வருகிறதா என்று பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். டிக் என்றது. அதைச் சோதனை என்று ஒதுக்கிவிட்டேன்.

ரோல் என்றால் முப்பத்தாறு படம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். முப்பத்தாறு என்பது எனக்குக் கோயில் உண்டியல் மாதிரி வற்றாத ஒன்றாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டை எடுத்தேன். பஸ் ஜன்னலிலிருந்து மலைக்கோட்டையை எடுத்தேன். அம்மாமண்டபம் படித்துறையில் தலை துவட்டுகிற யாரோ ஒருவரின் துண்டை எடுத்தேன். எங்கள் வீட்டுக்கார மாமி செய்தி கேள்விப்பட்டு, மடிசார் கட்டிக்கொண்டு துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அமுக்குவதற்கு முன்னால் மூன்று தடவை, “ஏண்டி கொழந்தே, மூக்குத்தி விழறதோன்னோ?” என்று கேட்டாள். விழறது மாமி என்றேன். எதிரே சூரியன் இருந்ததால் எனக்கு மாமியே சரியாகத் தெரியவில்லை.

அப்படி இருபது படம் கரைந்திருந்தபோதுதான் அப்பா ஒருநாள் வந்து, தியேட்டரை இந்த வாரத்தோடு மூடுகிறார்கள் என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். வேலை பற்றிக் கவலை இல்லை, மன்னார்புரத்தில் ஒரு அடுக்குமாடியில் காவலுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றார். தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத அம்மா, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“மூடுறதுக்குள்ள அங்க வச்சு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துடறியாடி? கே வரிசையில உக்கார வச்சு.”

பதினெட்டு வருஷத்தில் அப்பா அந்தத் தியேட்டரில் ஒரு தடவைகூட சீட்டில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான், ஒண்ணு என்ன, பத்து எடுக்கலாம் என்று உறுதி சொன்னேன்.

கடைசி நாள் மேட்னிக்குப் போனோம். கூட்டமே இல்லை, நாற்பது பேர் இருந்தால் அதிகம். அம்மா கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். அதை வெளிச்சத்தில் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இடைவேளையில் வராந்தாவில் நாலு படம் எடுத்தேன். டிக்கெட் ஜன்னல் முன்னால், மாடிப்படிக்குக் கீழே, மூடிக்கிடந்த முறுக்குக் கடை முன்னால், வாசலில். இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல் நின்றார்கள். கே வரிசைப் படத்தை, காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் எடுப்பது என்று ஏற்பாடு.

இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, தயாராக வைத்துக்கொள்ளலாமே என்று சக்கரத்தைத் தள்ளினேன். நகரவில்லை. அழுத்தித் தள்ளினேன். விரல்தான் வலித்தது. எண் காட்டுகிற சின்ன ஜன்னலில் இருபத்துநாலு நின்றது. இன்னும் பன்னிரண்டு இருக்கிறதே, ரோல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்தேன். ஃபிலிமை இருட்டறையில்தான் திறக்க வேண்டும் என்று என் கட்டுரைக்காகப் படித்திருந்தேன். நடையில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டு, ரோல் மாட்டிக்கிச்சு, இருட்டுல தொறந்து சரி பண்ணணும் என்றேன்.

அப்பாவுக்கு அது அவருடைய தியேட்டருக்குக் கிடைத்த மரியாதை.

“இருட்டுதானே வேணும்? திருச்சியில இதவிட இருட்டு எங்க இருக்கு? கதவு இடுக்குலகூட நான் கோணி சொருவி வச்சிருக்கேன். தைரியமாத் தொற.”

இதைச் சொன்னவரும் கேட்டவளும், எதிரே நாற்பதடி அகலத்துக்குப் பளபளவென்று ஒரு டூயட் ஓடிக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்க்கவில்லை. தியேட்டர்காரர்களுக்குத் திரை வெளிச்சம் வெளிச்சத்தில் சேர்த்தி இல்லை. எங்கள் வீட்டைத் தவிர வேறெந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சீட்டுக்குக் கீழே குனிந்து பின்மூடியைத் திறந்தேன். வழுவழுவென்று என்னவோ விரலில் பட்டது. எங்கே மாட்டியிருக்கிறது என்று புரியவில்லை. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“ஒண்ணும் தெரியலப்பா.”

கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. மூன்று கட்டை வெளிச்சமும் என் கையில் விழுந்தது. ஒரு நொடிதான். அடுத்த நொடியே விரலால் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் சிவப்பாகக் கசிந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. மேலே பாட்டு முடிந்து கைதட்டல் இல்லாமல் அடுத்த காட்சி வந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அம்மா கே வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டைத் தட்டி அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் பிறத்தியார் வீட்டுக் கட்டிலில் உட்காருவது போல் நுனியில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையைச் சரி செய்து, மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஓட்டையில் கண்ணை வைத்துப் பொத்தானை அமுக்கினேன். அது அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினேன். பிறகு நாக்கை மேலண்ணத்தில் வைத்து, வாயால் ‘டிக்’ என்றேன்.

“எடுத்துட்டியா?” என்றாள் அம்மா.

எடுத்துட்டேன் என்றேன்.

மறுநாள் ஸ்கூல் விட்டதும் தனியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது, ஸ்டூடியோக்காரர் கறுப்பான ஒரு நெகட்டிவ் சுருளைத் தூக்கிக் காட்டினார். “எல்லாம் வெளிச்சம் குடிச்சிருச்சு பாப்பா. உள்சுத்துல இருந்ததால ஆரம்பத்துல ஒரு ஆறு தப்பிச்சிருக்கு” என்றார். பிறகு காலி ரோலை என் பக்கம் திருப்பினார். அதன் மேல் எவ்வளவு பெரிதாக 24 என்று போட்டிருந்தது தெரியுமா. “இது இருவத்திநாலு படந்தான். முடிஞ்சுதான் நின்னிருக்கு. தொறக்காம அப்படியே கொண்டாந்திருந்தா எல்லாம் வந்திருக்கும்.”

ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். அது எண். ஒன்றாம் வகுப்புப் பாடம்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: “நான் லைட்ட அடிச்சதாலதானே?”

நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலைத்தான் பதினாறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன்.

“பழக்கதோஷம்” என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. அம்மா நெகட்டிவைப் பல்புக்கு நேரே பிடித்து, இதுல நாம எங்க இருக்கோம் என்று தேடினாள். இங்கதான் எங்கயாவது இருப்போம், தியேட்டர் இருட்டா இருக்குல்ல என்றார் அவர். அம்மா சிரிக்கவில்லை. நெகட்டிவைச் சுருட்டி உறைக்குள் வைத்தாள். மாமி ஒரு மாதம் வரை, என்னடி ஆச்சு என் படம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தப்பித்த ஆறில் ஆடு இருந்தது. மலைக்கோட்டை தாயக்கட்டை அளவில் இருந்தது. துண்டு இருந்தது. இரண்டில் என் கட்டைவிரல்தான் தெரிந்தது. முதலாவதாக ஒன்று, நான் எடுத்ததாகவே நினைக்காத ஒன்று. அதில் பாதி நெருப்புப் பிடித்தது போல ஆரஞ்சாக எரிந்திருந்தது. மீதிப் பாதியில் அப்பா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா அவரைப் பார்த்து வாய் விட்டுச் சிரிக்கிறாள். முன்பல் இடுக்கு தெரியும் என்று எப்போதும் கையால் மூடிக்கொள்கிறவள், அதில் மூடவில்லை. “இது நான் இல்ல” என்று அந்தப் படத்தைத் தூக்கி என்னிடமே கொடுத்துவிட்டாள். தான் சிரிப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அது பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்தது. யார் செருகினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு நான் படித்தேன். அடம்பிடித்துப் படித்தேன். கல்லூரியில் ஒளியியல் வகுப்பில், ஃபிலிமைக் கெடுக்க எவ்வளவு வெளிச்சம் போதும் என்று ஒருநாள் பாடம் நடந்தது. அப்பாவின் டார்ச்சே தேவையில்லை. நான் மூடியைத் திறந்ததுமே அந்த டூயட் எல்லாவற்றையும் குடித்து முடித்திருக்கும். நான் படித்த படிப்பு எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. அப்போதும் நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. முதல் வகுப்பில் தேறியவளுக்குச் சில வாக்கியங்கள் சுலபமாக வருவதில்லை.

கதவருகே நிற்கிற பெண்ணுக்குக் கால் வலித்திருக்கும்.

“ரோல்ல என்ன நம்பர் போட்டிருக்கு?” என்று கேட்டேன். அவள் பையைத் துழாவி, காலி அட்டைப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். இருபத்துநாலு. கேமரா ஜன்னலில் எவ்வளவு? அதுவும் இருபத்துநாலு. ரோல் மாட்டிக்கொள்ளவில்லை, முடிந்துவிட்டது, திறக்காமல் பின்னோக்கிச் சுற்றி எடு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடிவிட்டது.

“அக்கா, உங்களுக்கு போட்டோகிராஃபி தெரியுமா?”

“ஒரே ஒரு ரோல் எடுத்திருக்கேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இருபத்துநாலு, சினிமாத் திரை, தலையாட்டல் எல்லாவற்றையும். அவர் வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆச்சரியப்படவே இல்லை.

“தெரியும் பாப்பா. மறுநாளே ஸ்டூடியோக்காரரப் போய்ப் பாத்தேன், ஏதாவது தேறுமான்னு கேக்க. இருவத்திநாலுன்னு அவரு சொன்னாரு.”

“அப்பவே ஏம்ப்பா கேக்கல?”

“கேட்டு? படிச்ச புள்ளைக்கே நம்பர் தெரியலன்னு உங்கம்மா நினைச்சிட்டா? எனக்குக் கெட்ட பேரு ஒண்ணும் புதுசில்ல.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஒரு செருப்புக்கு நான் அழுதேன்னு, செத்தவளையே ரயில் ஏத்தி அனுப்புன ஆளு. பெத்த பொண்ணுக்குன்னா முடிவ மாத்திச் சொல்ல மாட்டாரா? எனக்கு அன்னிக்கே தெரியும்டி. டிக்குன்னது கேமரா இல்ல, நீதான்னுகூடத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏம்மா அப்படிச் சிரிச்ச?”

“உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாருல்ல” என்றாள். குழம்பைக் கிளறுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அது சோபாவும் கட்டிலும் விற்கிற கடை. முப்பத்தாறு விளக்கா, முந்நூறு விளக்கா என்று தெரியாது. ஒருவருக்கும் நிழல் விழவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு காலடி வைத்து அளந்தார். ஆர், க்யூ, பி என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் வந்தவர், ஒரு மெரூன் சோபா முன்னால் நின்று, “கே” என்றார். விற்பனைக்கு நின்ற பெண், சார் உட்காந்து பாருங்க, நல்லா அமுங்கும் என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் போனை எடுத்தேன். அம்மா, வாயால சொல்லு, அப்பதான் சிரிப்பேன் என்றாள். சொன்னேன். வரிசையாக எட்டு விழுந்தது. எட்டிலும் கண் திறந்திருக்கிறது, கேமரா பழுதில்லை, ஒன்றும் எரியவில்லை.

எழுந்திருக்கிற நேரத்தில் அம்மா ஒரு செருப்பைக் கழற்றி, கட்டைவிரலால் மெல்ல முன்னால் தள்ளினாள். அது அரையடி போய் நின்றுவிட்டது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகத் தள்ளினாள். அப்போதும் நின்றுவிட்டது. அப்பா குனிந்து செருப்பைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஓடு போட்டுச் சமமாக்கிவிட்டிருந்தார்கள்.